செங்கமலம் இருந்த விரதம்

பெருமாள் கண் விழித்ததும் முதலில் பார்க்க வேண்டியது பசுமாட்டின் பின்புறத்தை. கேலி இல்லை, சாஸ்திரம். பசுவின் பின்பக்கத்தில் லட்சுமி குடியிருக்கிறாள். ஆகவே விடியற்காலையில் சன்னிதிக் கதவு திறக்கும்போது, பசு தன் வாலைப் பெருமாளுக்கும் முகத்தைப் பக்தர்களுக்கும் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். காஞ்சிபுரத்தின் பெரிய கோயில்களில் இதற்கு யானைகூட வரும். நம் கதை நடக்கும் கோயில் சின்னது. ஒரு மாடு நின்றாலே பட்டர் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் நகர வேண்டும்.

அந்த மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தும் பாத்தியதை பரசுராமன் வீட்டுக்குப் பரம்பரையாக வந்தது. பரசுராமனுக்கு முசரவாக்கத்தில் நிலம், ஊருக்குள் தவிட்டு மண்டி, நகரசபையில் மெம்பர் பதவி. சாயங்காலம் மேடையேறிக் கடவுள் இல்லை என்று பேசுவார். விடிந்ததும் அதே தலையைக் குனிந்து கடவுள் சன்னிதியில் பரிவட்டம் கட்டிக்கொள்வார். கேட்டவர்களிடம் முன்னது கொள்கை, பின்னது குடும்பம் என்றார். எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தப் பதில் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

பாத்தியதை அவருடையது, மாடு கிருஷ்ணவேணியுடையது. அவருடைய மனைவி. திருப்புட்குழியிலுள்ள தன் தாய்வீட்டிலிருந்து கன்றாக ஓட்டிவந்து, செங்கமலம் என்று பெயரிட்டு, குளிப்பாட்டி, சாணி அள்ளி, பால் கறந்து வளர்த்தவள் அவள்தான். தினமும் இருட்டு பிரியும்போது கோயில் வாசல்வரை மாட்டைப் பிடித்துக்கொண்டு போவதும் அவளே. வாசலில் பரசுராமன் கயிற்றை வாங்கிக்கொள்வார். மாலை, பரிவட்டம், சந்தனம் எல்லாம் முடிந்ததும் கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மாட்டுக்குக் கயிறு எந்தக் கையில் இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும். அவர் பிடித்தால் அது நகராது, நிற்கும். நிற்பது மட்டும்தான் வேலை என்பதால் ஊருக்கு அது தெரியவில்லை.

கோயிலில் ஒரு நிபந்தனை உண்டு. நிற்கும் பசு கன்றோடு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சினையாகவாவது இருக்க வேண்டும். செங்கமலம் ஒரே ஒரு கன்று போட்டதோடு சரி. அந்தக் கன்று வளர்ந்து கொம்பு முளைத்து வேறு தொழுவத்துக்கும் போய்விட்டது. அதன் பிறகு செங்கமலம் கண்ட நேரத்தில் கத்தியது; ஓட்டிக்கொண்டு போய்க் காளையிடம் விட்டால் சினை பிடிக்கவில்லை. ஏனாத்தூர்க் காளை சரியில்லை என்றார்கள். முசரவாக்கத்துக் காளையிடம் கொண்டுபோனார்கள். அதுவும் சரியில்லை என்று மூன்றாவது காளைக்கு மாற்றினார்கள். மூன்று காளைகளும் தோற்ற பிறகுதான் மாட்டின் மேல் சந்தேகம் வந்தது.

தர்மகர்த்தா பரசுராமனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வைகுண்ட ஏகாதசிக்குள் சினை பிடித்தால் சரி. இல்லாவிட்டால் கலியன் வீட்டு மாடு வந்து நிற்கும். கலியன் அடுத்த வார்டு மெம்பர், எதிர்க்கட்சி. அவர் மாடு வருஷத்துக்கு ஒன்று போட்டுக்கொண்டிருந்தது.

"ஏகாதசி வரைக்கும் பாப்பேன். அப்பவும் இல்லேன்னா தரகனுக்குச் சொல்லிடறதுதான். மலட்டு மாட்டை வச்சுக்கினு இன்னா பண்றது?" என்றார் பரசுராமன் வீட்டுக்கு வந்து.

தரகர் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போவார். கறவையும் இல்லாத, சினையும் பிடிக்காத மாட்டைச் சந்தையில் யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். காலையில் அதன் பின்புறத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களுக்கும் தெரியும். சினையாக இருக்கும்வரை அது லட்சுமி. அப்புறம் அது எடைக்கு எடை.

கிருஷ்ணவேணியைச் சுட்டது அதுமட்டும் இல்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக அவளுக்குக் குழந்தை இல்லை. மலடு என்ற சொல்லை அவள் காதில் விழும்படி யாரும் சொன்னது கிடையாது, நல்ல குடும்பம். எல்லோரும் மனசுக்குள் அடக்கி அடக்கி வைத்திருந்த அந்தச் சொல்லுக்கு இப்போது ஒரு மாடு கிடைத்துவிட்டது. அதே வீட்டில் இருந்த பரசுராமனின் அக்கா ரேணுகாம்பாள், "மலட்டு மாடு தண்ணி குடிச்சுதா?", "மலட்டு மாட்டுக்கு வைக்கோல் போட்டியா?" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை சொல்லி வாய் ஆறினாள். ஒவ்வொரு முறையும் கிருஷ்ணவேணிக்கு உடம்பு எரிந்தது. மாட்டை எப்படியும் சினையாக்கிவிட வேண்டும் என்று அவளுக்குள் ஒரு வெறியே வந்தது. அது போனால் தானும் போன மாதிரிதான் என்று நினைத்தாள்.

பாத்தியதை போகப்போகிறது என்றதும் பரசுராமன் சுறுசுறுப்பானார். அரசாங்க மாட்டாஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினார். டாக்டர் ஷபியுல்லா சைக்கிளில் வந்து இறங்கினார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு நின்று, தோள்வரை சோப்பைக் குழைத்துப் பூசிக்கொண்டார். எதற்கு என்று ரேணுகாம்பாளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"லட்சுமி இருக்கற எடத்துல கைய வுடப்போறியா?"

"லட்சுமியை நா ஒண்ணும் பண்ணமாட்டேம்மா. அவங்களுக்கு முன்னாடி சாணி இருக்குது, அதை வாரிட்டுத்தான் உள்ளயே போவ முடியும்."

"எதுக்கும் மஞ்சத்தண்ணில கைய கழுவிக்கினு வுடுப்பா."

"நா எப்பவும் அப்புறமாத்தான் கழுவறது. நீங்க முன்னாடி கழுவச் சொல்றீங்க. பரவால்ல, ரெண்டு வாட்டியும் கழுவறேன்."

கையை உள்ளே விட்டு, தொலைந்த சாவியைப் பரணில் தடவுகிறவர் போலக் கண்ணை மேலே செருகிக்கொண்டு தடவினார். செங்கமலம் அசைபோட்டுக்கொண்டு நின்றது. கிருஷ்ணவேணி அதன் நெற்றியைச் சொறிந்துகொண்டே டாக்டரின் முகத்தையே பார்த்தாள். மலடு என்று இவரும் சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள்.

"மலடு இல்லை" என்றார் டாக்டர், அவள் கேட்காமலேயே. "கர்ப்பப்பை நல்லா இருக்குது. கோளாறு சினைப்பைலதான். மாட்டுக்குச் சினைப்பை ரெண்டும்மா, பெரிய மொச்சைக்கொட்டையாட்டம் இருக்கும். அதுல கொப்புளம் கொப்புளமா கெளம்பும். ஒவ்வொரு கொப்புளத்துக்குள்ளயும் ஒரு முட்டை."

"முட்டையா?" ரேணுகாம்பாள் காதைப் பொத்திக்கொண்டாள். "கோயில் மாடுப்பா அது!"

"கோயில் மாடானாலும் முட்டை உண்டும்மா. அது இல்லாம கன்னுக்குட்டி எங்கேருந்து வரும்? அப்படிக் கெளம்பறதுல ஒண்ணுதான் பெருசாவும், மத்ததெல்லாம் காஞ்சு பூடும். மெம்பருக்குத் தெரியும், எலெக்‌ஷன் மாதிரிதான். பெருசானது நேரத்துக்கு வெடிச்சு முட்டையை வெளிய வுடணும். இந்த மாட்டுல அது வெடிக்க மாட்டேங்குது. ஜெயிச்சு எடத்தைப் புடிச்சுக்கினு, ஒரு வேலையும் செய்யாம, ஊதிக்கினே போவுது. கோலிக்குண்டை வுடப் பெருசா ரெண்டு நிக்குது உள்ள."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பரசுராமன் மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னா தீனி போடறீங்க?" என்று டாக்டர் கிருஷ்ணவேணியைக் கேட்டார்.

அவள் உற்சாகமாகச் சொன்னாள். மண்டியிலிருந்து தவிடு, அரிசிக் களி, கோயிலில் வீட்டுக்கு ஒரு கைப்பிடியாகச் சர்க்கரைப் பொங்கல், வெள்ளிக்கிழமை வெல்லமும் வாழைப்பழமும், அமாவாசைக்கு அகத்திக்கீரை, ஏகாதசி மறுநாள் பாயசம். பக்கத்து வீட்டுக் கல்யாணத்து லட்டுகூட ஒரு கூடை வந்தது. பிள்ளை வாங்கிய மார்க்கைச் சொல்லும் தாயின் முகம் அப்போது அவளுக்கு.

"இது மாட்டுத் தீனி இல்லேம்மா, மாப்பிள்ளை விருந்து" என்றார் டாக்டர். "நடையும் கெடையாது. வீட்டுலேர்ந்து கோயில், கோயில்லேர்ந்து வீடு. மேல பாக்க மினுமினுன்னு இருக்குது, உள்ள அத்தனையும் கொழுப்பு. அரிசியும் வெல்லமும் தின்னு தின்னு வயித்துல புளிச்சு, அந்த உடம்புல முட்டை எப்படி ஒழுங்கா வெளையும்? முட்டை ஒரு நாள்ல வெளையறதில்லை. மாசக்கணக்கா உள்ளயே கெடந்து வெளையுது. மாடு திங்கறது அதுக்கும்தான் போய்ச் சேருது. இப்ப நிக்கறதை நா பிதுக்கி உட்டுடறேன். ஆனா தீனியை மாத்தலேன்னா மறுபடியும் இதுதான் வந்து நிக்கும். புல்லு, வைக்கோல், கொஞ்சம் புண்ணாக்கு. காலைலயும் சாயங்காலமும் நல்லா நடத்துங்க. அரிசி ஒரு பருக்கை ஆவாது."

அவர் இரண்டாம் முறையும் கையைக் கழுவிவிட்டுப் போனார். கோயில் மாட்டின் வயிற்றில் முட்டை இருக்கிறது என்ற செய்தி பொழுது சாய்வதற்குள் நான்கு மாடவீதியும் சுற்றிவந்தது. பட்டர் பதறி ஓடிவந்து தொழுவத்தில் தீர்த்தம் தெளித்தார். முட்டை அசையவில்லை.

கிருஷ்ணவேணி அன்று சாப்பிடவில்லை. ஊட்டி ஊட்டித் தானே அதைக் கெடுத்துவிட்டோமே என்று அழுதாள். மறுநாளே களியை நிறுத்தினாள். வீட்டில் நிறுத்துவது சுலபம், கோயிலில்தான் முடியவில்லை. ஒவ்வொருவரிடமும் கைகூப்பிச் சொன்னாள், பொங்கல் போடாதீர்கள், டாக்டர் கூடாது என்கிறார் என்று. அவர்கள் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நெற்றியில் பாவி என்று எழுதியிருப்பதைப் படிப்பது மாதிரி இருந்தது.

"பசுவுக்குப் போடறதைத் தடுக்கறவ நல்லாருப்பாளா?"

"டாக்டருக்குத் தெரியுமா, பெருமாளுக்குத் தெரியுமா?"

"ஒரு வாய்தானேம்மா. ஒரு வாய்ப் பொங்கல்ல இன்னா ஆயிடும்?"

நாற்பது பேர் ஆளுக்கு ஒரு வாய் போட்டார்கள். அவள் பரசுராமனிடம் முறையிட்டாள். நாற்பது வாய்ப் பொங்கலுக்குப் பின்னால் நாற்பது வீடு இருக்கிறது, ஒரு வீட்டுக்குக் குறைந்தது நாலு ஓட்டு என்பது அவருக்குத் தெரியாதா? "நீ பொறுத்துக்கினு போ" என்று சொல்லிவிட்டார். டாக்டர் அடுத்த முறை வந்து பார்த்தபோது பழைய இடத்திலேயே புதிதாக ஒன்று ஊதிக்கொண்டிருந்தது. அதையும் பிதுக்கிவிட்டு, உதட்டையும் பிதுக்கிவிட்டுப் போனார். அந்த வாரமே தரகர் ஒருவர் தெருவில் நின்று மாட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனதாக ரேணுகாம்பாள் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

புரட்டாசி பிறந்தது. முதல் சனிக்கிழமை, கோயிலில் தள்ளுமுள்ளு. தூக்குப் போசியும் தாம்பாளமுமாகப் பெண்கள் செங்கமலத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். நெய் வழியும் பொங்கலைப் பார்த்து அதுவும் நாக்கை நீட்டியது. கிருஷ்ணவேணி அந்த நாக்குக்கும் பொங்கலுக்கும் நடுவில் கையை வைத்து மறித்தாள்.

"போடாதீங்கம்மா. செங்கமலம் விரதம்."

இதைச் சொல்ல வேண்டுமென்று அவள் வரவில்லை. வாயில் வந்துவிட்டது. கூட்டம் அப்படியே நின்றது.

"மாடா? விரதமா?"

"ஆமாம்மா. இன்னைலேர்ந்து ஒரு மண்டலம். தாயாரே கனவுல வந்து சொல்லிட்டாங்க."

அடுத்த நொடி பொங்கல் ஏந்திய கைகள் எல்லாம் கூம்பின. பொய்யும் பலாப்பழமும் ஒன்று, பிளந்துவிட்டால் முழுக்க எடுத்துத்தான் ஆக வேண்டும். தாயார் என்னென்ன சொன்னாள் என்று கேட்டார்கள். கிருஷ்ணவேணி சொன்னாள்: அரிசி ஆகாது, வெல்லம் ஆகாது, பழம் ஆகாது, புல்லும் வைக்கோலும் கொஞ்சம் புண்ணாக்கும், காலையிலும் மாலையிலும் மாடவீதிப் பிரதட்சிணம். டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தையை அவள் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தாயாருக்குப் புண்ணாக்கின் அளவுவரை தெரிந்திருந்ததில் யாருக்கும் ஆச்சரியம் ஏற்படவில்லை.

டாக்டர் சொன்னபோது கெஞ்சியும் கேட்காத ஊர், தாயார் சொன்னதும் தலைகீழாக நின்றது. பொங்கல் போசிகள் மாயமாயின. ஏனாத்தூரிலிருந்து பச்சைப் புல் கட்டுக் கட்டாக வந்தது. தெரியாத்தனமாக ஒரு குழந்தை வாழைப்பழத் தோலை நீட்டியதற்கு அதன் அம்மா குழந்தையை அங்கேயே மொத்தினாள். பரசுராமன் இரவுச் சாப்பாட்டின்போது குரலைத் தாழ்த்தி, "தாயார் வேற ஏதாச்சும் சொன்னாங்களா? எலெக்‌ஷனைப் பத்தி?" என்று கேட்டார். காலையில்தான் மூடநம்பிக்கை ஒழிப்பு என்று ஒரு கூட்டத்துக்குத் தேதி கொடுத்திருந்தார்.

பிரதட்சிணம் ஊர்வலமாகவே மாறிவிட்டது. முன்னால் செங்கமலம், கயிற்றோடு கிருஷ்ணவேணி, பின்னால் கோவிந்தா போட்டுக்கொண்டு ஐம்பது அறுபது பேர். நெசவாளர் தெருவில் விடியற்காலையில்தான் பாவு போடுவார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து நீவிக்கொண்டிருக்கும்போது, சொந்தப் பிள்ளை குறுக்கே ஓடினாலே கால் முறியும். செங்கமலம் வந்தால் மட்டும் பாவை ஒதுக்கிப் பிடித்து வழி விட்டார்கள். அது என்ன செய்தது? ஓரத்தில் வைத்திருந்த கஞ்சி வாளிக்குள் முகத்தைக் கவிழ்த்து, கிருஷ்ணவேணி இழுப்பதற்குள் பாதி வாளியை உறிஞ்சிவிட்டது. கெட்ட அரிசி ஆசை! அவ்வளவு பேர் பார்க்க விரதம் முறிந்துவிட்டது, பொய் உடைந்துவிட்டது என்று நினைத்தாள்.

"பாத்தியா, பாத்தியா!" என்றாள் நெசவுக்காரர் மனைவி, கன்னத்தில் போட்டுக்கொண்டு. "நாப்பது வூட்டுப் பொங்கல் வேணான்னு வந்த தாயி, நம்ம வூட்டுக் கஞ்சியைக் குடிச்சுது!"

மறுநாள் அந்தத் தெருவில் எல்லா வாசலிலும் ஒரு கஞ்சி வாளி காத்திருந்தது. கிருஷ்ணவேணி வேறு வழியில்லாமல் தாயாரை மறுபடியும் கனவில் வரவழைத்து, வேறு தெருவழியாகப் போகச் சொல்ல வைத்தாள்.

டாக்டர் ஷபியுல்லாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நா எங்க போய்த் தீனியை மாத்துங்கன்னாலும் ஒருத்தர் கேக்கறதில்லைம்மா. உங்க ஆளுங்களும் அப்படித்தான், எங்க ஆளுங்களும் அப்படித்தான். இனிமே நானும் கனவு கண்டாத்தான் ஆவும் போல இருக்குது."

செங்கமலத்தின் விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்பட ஆரம்பித்தது. மினுமினுப்புப் போய் உடம்பு இறுகியது. ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, அது வாலைத் தூக்கிக்கொண்டு, தெருவே விழித்துக்கொள்ளும்படி கத்தியது. பழைய கத்தல் இல்லை. கிருஷ்ணவேணிக்கு வித்தியாசம் தெரிந்தது. சினைக்குத் தயாரான மாட்டுக்கு வரும் கண்ணாடி மாதிரி ஒழுக்கும் இருந்தது. டாக்டருக்குச் சொல்லியனுப்பினாள். காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி என்று சொல்லிவிட்டு, அவர் காளை விந்தோடு பஸ்ஸில் வந்த ஐஸ் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மாலையில் மழையோடு வந்தார். உள்ளே தடவிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"இப்பத்தாம்மா இது கொப்புளம். விரலுக்கு மெத்துனு படுது, பழுத்த பழமாட்டம். ராத்திரிக்குள்ள வெடிச்சுடும். உள்ள இருக்கற முட்டையும் நல்ல முட்டையா இருக்கும்னுதான் தோணுது."

சினை ஊசிக் குழாயை எடுத்தபோது ரேணுகாம்பாள் குறுக்கே வந்து நின்றாள். "விரதம் முடியலியே! விரதத்துல இருக்கறப்போ இந்த வேலையெல்லாம் பண்ணலாமா?"

"தாயார் உத்தரவு குடுத்துட்டாங்க அண்ணி" என்றாள் கிருஷ்ணவேணி. இப்போதெல்லாம் அவளுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

அதன் பிறகு செங்கமலம் கத்தவில்லை. கார்த்திகை போயிற்று. கத்தாத ஒவ்வொரு நாளும் கிருஷ்ணவேணிக்கு ஒரு பக்கம் மகிழ்ச்சி, ஒரு பக்கம் பயம். வைகுண்ட ஏகாதசிக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது டாக்டர் வந்தார். செய்தி தெரிந்து தெருவே தொழுவத்தில் கூடிவிட்டது, பட்டரும் வந்திருந்தார். டாக்டர் கையை விட்டு நிதானமாகப் பார்த்தார்.

"சினைதான். சந்தேகமே இல்லை."

கோவிந்தா என்ற கூச்சலில் செங்கமலமே மிரண்டது. கிருஷ்ணவேணி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். யாரோ பரசுராமன் கழுத்தில் மாலை போட்டார்கள். மாடு சினையானதற்கு அவருக்கு ஏன் மாலை என்று அவர் உட்பட யாரும் கேட்கவில்லை.

"எல்லாம் விரதத்தோட மகிமை" என்றாள் ரேணுகாம்பாள். பிறகு கிருஷ்ணவேணியின் பக்கம் திரும்பினாள். குரல் இளகியிருந்தது, உண்மையாகவே நல்லது நினைத்துத்தான் சொன்னாள். "வேணி, வாயில்லா ஜீவனுக்கே தாயார் எறங்கினாங்க. நீயும் இருந்துடுமா. ஏகாதசிலேர்ந்து ஒரு மண்டலம். அரிசி வேணாம், வெல்லம் வேணாம். ரெண்டு வேளை பிரதட்சிணம். புல்லை மட்டும் வுட்டுடலாம், கீரையா தின்னுக்கோ."

பெண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி மஞ்சள் கயிறே கொண்டுவந்திருந்தாள். பேசிவைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

"அது பொய் அண்ணி" என்றாள் கிருஷ்ணவேணி. "கனவு எதுவும் வரலை. தாயாரும் வரலை. டாக்டர் சொன்னதை நாந்தான் அப்படி மாத்திச் சொன்னேன். பொங்கலை நிறுத்தறதுக்குச் சொன்ன பொய்."

பட்டர் கண்ணை மூடிக் கைகூப்பினார். "அடக்கம்! தாயார் தரிசனம் கெடைச்சவாளுக்குத்தான் இந்த அடக்கம் வரும்."

கூட்டம் உச்சுக்கொட்டி உருகியது. கஞ்சி வாளிக்காரி அவள் காலிலேயே விழுந்துவிட்டாள். பொய்யைச் சொன்னபோது ஒரே வாயில் நம்பிய ஊர், உண்மையைச் சொன்னால் கும்பிடுகிறது. கிருஷ்ணவேணி பரசுராமனைப் பார்த்தாள். அவராவது ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள்.

"இருந்துட்டுத்தான் போயேன், வேணி. ஒரு மண்டலம்தானே? ஊரே சொல்லுது" என்றார் அவர், மாலையைச் சரிசெய்துகொண்டு.

அப்போதுதான் அவளுக்குப் பொங்கியது. பதினாறு வருஷத்தில் அவள் சுற்றாத அரச மரம் இல்லை, மண்சோறு தின்னாத கோயில் இல்லை. பிறந்த ஊரிலேயே தாயார் சன்னிதியில் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுத்தாள். முளைத்தால் பிள்ளை என்றார்கள். முளைக்காததற்கு அவளைத்தான் குறைசொன்னார்கள். இந்த மாட்டுக்கோ ஆறு மாதத்தில் ஒரு டாக்டர். தொட்டுப் பார்த்து, எங்கே கோளாறு, எதனால் கோளாறு என்று உட்கார்ந்து சொல்ல ஒரு மனிதர். அவளுக்குக் கடைசியில் கிடைத்தது, அவளே கட்டிய பொய்.

"மாட்டுக்கு டாக்டரைக் கூட்டினு வந்தீங்க. எனக்கு இந்தப் பதினாறு வருஷத்துல யாரைக் கூட்டினு வந்தீங்க?"

பரசுராமன் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "இன்னா பேச்சு இது, நாலு பேர் எதிர்ல?"

"நாலு பேர் எதிர்லதானே என்னை விரதம் இருக்கச் சொன்னீங்க? திங்கக்கெழமை மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். ரெண்டு பேரும்."

"ரெண்டு பேரா? நா எதுக்கு? எனக்கு இன்னா கொறைச்சல்?"

"எனக்குத் தெரியாதுங்க. பாத்தாத்தானே தெரியும்."

ரேணுகாம்பாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஆம்பிளையையா, என்று யாரோ முணுமுணுத்தார்கள். டாக்டர் ஷபியுல்லா ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட கையை மறுபடியும் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வரலேன்னா ஏகாதசிக்கு மாட்டை நா அவுக்கமாட்டேன்" என்றாள் கிருஷ்ணவேணி. "பாத்தியதை உங்களுதுதானே? நீங்களே ஓட்டிக்கினு போங்க." முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டு விலகி நின்றாள்.

ஊரார் பார்க்க பரசுராமன் கயிற்றை இழுத்தார். முதலில் செல்லமாக, பிறகு கொஞ்சம் பலமாக, பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. செங்கமலம் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு அவரைப் பார்த்தது. அடிக்கவும் முடியாது, சினை மாடு, தாயார் உத்தரவு பெற்ற மாடு, நாற்பது வீடு பார்த்துக்கொண்டிருக்கிறது. கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல், "எத்தினி மணி பஸ்ஸு?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை மெட்ராஸ் போகும் முதல் பஸ்ஸில், எந்தக் கூட்டத்திலும் முன்வரிசையில் உட்காரும் மெம்பர், கடைசி வரிசையில் ஜன்னலோரமாக, தலையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படியும் கண்டக்டர் கண்டுபிடித்துவிட்டார். கட்சிக்காரர்.

"மெம்பரா! இன்னா சார் காலங்காத்தால, அம்மாவோட?"

பரசுராமன் ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்தார். கிருஷ்ணவேணிதான் பதில் சொன்னாள். "பெரியாஸ்பத்திரிக்குப்பா. ரெண்டு டிக்கெட் குடு."

"அடடா, யாருக்கும்மா ஒடம்பு சரியில்லை?"

முன் வரிசைகளில் தலைகள் திரும்பின. எல்லாம் தெரிந்த முகங்கள். பதினாறு வருஷமாக அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்த முகங்கள்.

"தெரியலப்பா" என்றாள் கிருஷ்ணவேணி, பஸ் முழுக்கக் கேட்கும்படி. "அதைத் தெரிஞ்சுக்கத்தான் ரெண்டு பேரும் போறோம்."